ஜீன் மேல் பழி போடும் முன், புழுவைப் பட்டினி போட்டுப் பாருங்கள்

"குழந்தையின் எச்சிலைக் கொடுங்கள், கணக்கு வருமா பாட்டு வருமா என்று ஜீனைப் பார்த்துச் சொல்கிறோம்" என்கிற விளம்பரம் நம்ம பாலக்காடு சித்தூர், கொழிஞ்சாம்பாறை வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. தயவுசெய்து காசு கட்டாதீர்கள். ஒற்றை ஜீன் நடத்தையை மாற்றும் என்பதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சாட்சியே இந்த வியாபாரத்துக்கு எதிராகத்தான் பேசுகிறது.

அந்தச் சாட்சி டிரோசோபிலா. முதலமடை மாந்தோப்பில் 'மீதைல் யூஜினால்' என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியில் விழும் பழ ஈ வேறு இனம். இது அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கும் குட்டி ஈ. இதன் புழுக்களில் இரண்டு வகை உண்டு என்று கனடாவில் மார்லா சோகோலோவ்ஸ்கி 1980-ல் காட்டினார். தீனி மேல் விட்டால் ரோவர் நீளமாக அலைந்து தின்னும், சிட்டர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே தின்னும். வித்தியாசத்துக்குக் காரணம் ஃபொரேஜிங் என்ற ஒரே ஜீன். அது பிகேஜி என்ற நொதியை உண்டாக்குகிறது. ரோவரில் அதன் செயல்பாடு கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இங்கேயே நிறுத்தினால் "ஜென்ம புத்தி செருப்பால் அடித்தாலும் போகாது" என்று ஆகிவிடும். ஆனால் தீனி இல்லாத வெறும் அகரில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) விட்டால் இரண்டும் ஒரே அளவுதான் நகரும். ரோவரைச் சில மணி நேரம் பட்டினி போட்டுத் தீனியில் விட்டால் சிட்டர் மாதிரியே நடக்கும். ஜீன் மாறவில்லை, வயிறுதான் மாறியது.

இதை நம் ஹயர் செகண்டரி லேபிலேயே செய்யலாம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் சார்ட் பேப்பரை விட்டு இதற்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஈக்களை வளர்க்கும் தீனி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு மக்காச்சோள மாவு 80 கிராம், வெல்லம் 60, ஈஸ்ட் 15, அகர் 10 போட்டுக் கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சுங்கள். 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே 4 மில்லி புரோப்பியானிக் அமிலம் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிவிடும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

25 டிகிரியில் முட்டையிட்டு நாலு நாளில் மூன்றாம் பருவப் புழு (கூட்டுப்புழு ஆகும் முன் கடைசி நிலை) கிடைக்கும். தண்ணீரில் அலசி, ஒரு பங்கு ஈஸ்ட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குழைத்து மெல்லிசாகப் பூசிய அகர் தட்டில் ஒவ்வொன்றாக விடுங்கள். 5 நிமிடம் கழித்து ஈஸ்ட்டில் விழுந்த தடத்தை மூடியின் மேல் மார்க்கரால் வரைந்து, நூல் வைத்து அளக்கலாம். பூச்சு தடித்தால் புழு உள்ளே புதைந்துவிடும், தடம் தெரியாது. அளப்பவருக்கு எது எந்த வகை என்று தெரியவே கூடாது. தெரிந்தால் கை தானாக நூலை நீட்டும்.

பெரும்பாலும் கெடுவது வெயிலாலும் நெரிசலாலும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வகுப்பறை அலமாரியில் குப்பியை வைத்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். தெர்மோகோல் பெட்டியில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு வையுங்கள், காலையும் மாலையும் பாட்டிலை மாற்றுங்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. சி. எலிகன்ஸ் என்ற குட்டி உருளைப்புழுவுக்கு நரம்பணுக்கள் 302 தான். அவற்றின் இணைப்புப் படம் 1986-லேயே வெளிவந்தது. வெண்ணெய் வாசனைப் பொருளான டையசெட்டிலை உணரும் ஓடிஆர்-10 ஏற்பி (வாசனையைப் பிடிக்கும் புரதம்) வழக்கமான நரம்பணுவில் இருந்தால் புழு அந்த வாசனையைத் தேடிப் போகும். அதே ஏற்பியை, விலகி ஓட வைக்கும் இன்னொரு நரம்பணுவில் மட்டும் வைத்தபோது வாசனையைக் கண்டு விலகியது. ஜீன் ஒன்றே, விருப்பம் வெறுப்பாகிவிட்டது. 302-லேயே இப்படி. ஒரு குழந்தையின் மூளையை எச்சிலில் எப்படிப் படிக்கிறார்கள்?

ரோவர், சிட்டர் வகைகள் கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரே ஸ்டாக்கிலிருந்து (ஒரே வம்சத்து ஈக்களிலிருந்து) ஒரு குப்பியில் 30 முட்டை, இன்னொன்றில் 300 முட்டை வையுங்கள். ஒவ்வொன்றிலும் 30 புழுவாவது அளந்து, தடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நெரிசல் குப்பியில் வளர்ச்சி பிந்தும். அதனால் நாள் கணக்கை நம்பாமல், இரண்டிலும் மூன்றாம் பருவம்தானா என்று லென்ஸில் பார்த்தே எடுங்கள்.