அவன் அடிமை இல்லை

முந்தாநாள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் நாலு பேர் நடுவில் நான் வளர்க்கிற ஒன்றரை வயசுப் பிள்ளையைக் காட்டி, "பொறக்கும்போதே போதைக்கு அடிமையாப் பொறந்தது" என்று சொன்னீர்களே, அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சிலேயே நிற்கிறது.

கெடுதல் என்று தெரிந்தும் விடமுடியாமல் தேடிப் போகிறவர்தான் அடிமை. பச்சைக் குழந்தை எதைத் தேடிப் போகும்? தாயின் ரத்தத்தோடு வந்துகொண்டிருந்த பொருள், தொப்புள்கொடியை வெட்டியதும் நின்றுபோகிறது. பழகிய உடம்பு தவிக்கிறது. அபின் வகை என்றால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தவிப்பு தொடங்கும். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த வகை மாத்திரையாலும் இது வரலாம். அவன் அடிமை இல்லை.

என் கைக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து வாரம். கீச்சென்று அழுவான். கை கால் வெடவெடக்கும். அவசரமாகப் பாலை உறிஞ்சி அப்படியே கக்கிவிடுவான். நான் பாடினேன், ஆட்டினேன், முகத்துக்கு நேரே சிரித்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினான், விக்கினான். என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். ஒரு நர்ஸம்மாதான் சொன்னார்: "போதும்னு சொல்றான்மா. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்." விளக்கை அணைத்தேன். கைகளை மார்போடு சேர்த்துத் துணியில் சுற்றி, பேசாமல், கண்ணைப் பார்க்காமல், மேலும் கீழுமாக மெல்ல அசைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, இறுக மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

இதெல்லாம் வெறும் செல்லம் என்பவர்களுக்கு: குழந்தை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்ற மூன்றையும் வைத்தே பராமரிக்கும் முறையை அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வர வழக்கமான முறையில் சராசரியாக 14.9 நாள் ஆனது; இந்த முறையில் அது 8.2 நாளாகக் குறைந்தது.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறீர்கள். 1980களில், கர்ப்பத்தில் கொக்கைன் என்ற போதைப்பொருளை எடுத்த தாய்களின் குழந்தைகளைப் பற்றியும் உண்மை என்றுதான் எழுதினார்கள், ஒரு தலைமுறையே உருப்படாது என்று. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் அப்படிப்பட்ட பிள்ளைகளை இருபது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார். கொக்கைன் பட்ட பிள்ளைக்கும், அதே ஏழ்மையில் வளர்ந்த படாத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரையும் கீழே இழுத்தது வறுமை.

பாதிப்பே வராது என்று நான் சொல்லவில்லை. பேச்சு, தூக்கம், கவனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதற்கும் நீங்கள் வைத்த பெயருக்கும் சம்பந்தமில்லை.

"பெத்தவளைச் சொன்னா உனக்கென்ன?" எனக்குத்தான் எல்லாம். திட்டுக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் கர்ப்பப் பரிசோதனைக்கே வராமல் ஒளிகிறார்கள். நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது. கர்ப்பத்தில் திடீரென்று விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாகலாம் என்பதால்தான் மெத்தடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்கிறார்கள். அவன் அம்மாவும் சிகிச்சையில்தான் இருக்கிறாள். முதல் தடவை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தூக்கலாமாக்கா?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த அரை நிமிஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

முந்தாநாள் நீங்கள் பேசியபோது அவள் கதவோரம் பால் புட்டியோடு நின்றிருந்தாள். கவனித்தீர்களா? அன்றிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.