மருதம்னு எழுதி வேற எதையோ மாட்டியிருக்காங்க

செடி, மரம் வரையுற ஓவியர் நான். ஆத்தங்கரையில மரக்கன்னு நட்டவங்க வச்ச போர்டுல படம் தப்புன்னு நான் எழுதினதை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கு கீழ எனக்கு விழுந்த திட்டும் பாத்திருப்பீங்க. திரும்பவும் சொல்றேன், அந்தப் படம் தப்பு. மேல மருதம்னு பெருசா எழுதிட்டு கீழ அரச இலை மாதிரி நுனியில வால் நீண்ட ஏதோ ஒரு இலையை ஏஐ-ல எடுத்து மாட்டியிருக்காங்க, அதுவும் தாமிரபரணிக் கரையில, நிஜ மருத மரத்துக்கு அடியிலயே.

"மரம்தானே மேடம், யாரு இலையை உத்துப் பாக்கப் போறா"ங்கறாங்க. நான் பாக்குறேன். மருத இலையைத் திருப்புனா காம்பு சேர்ற இடத்துல ரெண்டு குட்டி சுரப்பி துருத்திக்கிட்டு இருக்கும். காய்க்கு அஞ்சு றெக்கை. பட்டை வழுவழுன்னு வெளிறிப்போய் செதில் செதிலா உரியும். இதுல ஒண்ணுகூட இல்லாத படத்தை எப்படிங்க மருதம்னு சொல்றது?

ஒரு ஸ்கூல்ல என் படத்தைக் காமிச்சப்போ ஆறாங்கிளாஸ் புள்ள ஒருத்தி வெளிய ஓடிப்போய் ஒரு இலையைப் பறிச்சுட்டு வந்து, "மிஸ், இதுல அந்த ரெண்டும் இல்ல, அப்போ இது மருதம் இல்லதானே"ன்னா. அது புங்கம். யாரும் சொல்லித் தரல, படத்தைப் பாத்து அவளே கண்டுபிடிச்சா. அந்தப் புள்ள நாளைக்கு இந்த போர்டையும் பாத்து மரத்தையும் பாத்தா எதை நம்புவா? அதனாலதான் சொல்றேன், படம் தப்பு.

போட்டோ போட்டா போதாதான்னு கேக்குறவங்களுக்கு, தாராளமா போடுங்க, இதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனா மருதம் பூக்குறது கோடையில, அந்தக் காய் முத்தி விழ அடுத்த வருஷம் மாசி பங்குனி ஆயிடும். ஒரே போட்டோவுல எப்படிப் பிடிப்பீங்க? அதே மரத்துக்கிட்ட திரும்பத் திரும்பப் போய் உக்காந்தாதான் பூ, காய், பட்டை, இலையோட அடிப்பக்கம் எல்லாம் ஒரே தாள்ல வரும்.

"சேவை பண்றவங்களை குறை சொல்லாதீங்க." கன்னு நட்டது நல்ல காரியம், யாரு இல்லன்னா? படம் தப்பு, அவ்ளோதான்.

ஆனா "காசு கிடைக்கலன்னு பொலம்புறாங்க"ன்னு ஒருத்தர் எழுதினதுதான் ராத்திரி தூங்க விடல. ஆமா, வரைஞ்சு தரட்டான்னு முதல்லயே கேட்டேன், கூலியும் சொன்னேன். அது குத்தமா? ராபர்ட் வைட்னு ஒரு வெள்ளைக்கார தாவரவியலாளர் மெட்ராஸ் பக்கம் செடி சேகரிச்ச காலத்துல அவருக்கு வரைஞ்சவங்க ரங்கையாவும் கோவிந்துவும், நம்ம தென்னிந்திய ஓவியருங்க. 1838லேர்ந்து 1853 வரைக்கும் அவர் போட்ட தொகுப்புல 2101 படம். கோவிந்து பேர்ல ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே பேர் வச்சாரு வைட். வெள்ளைக்கார துரைக்கே, ஓவியன் இல்லாம தன் வேலை நிக்காதுன்னு தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல நம்ம மரத்தை நம்ம ஆளு வரைஞ்சா அது டைம்பாஸ், "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, ஒண்ணு போட்டுக் குடுங்களேன்".

சும்மா இல்லைங்க. வெயில்ல எறும்புக்கடி வாங்கிக்கிட்டு, லென்ஸ் வச்சு நரம்பை எண்ணி, பச்சை சரியா வரலன்னா முழுத் தாளையும் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிற வேலை இது. ஓசியில கேட்டிருந்தாக்கூட மருதத்துக்காக குடுத்திருப்பேன், ஆனா நான் கூலி சொன்னதுக்கப்புறம் யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, கேட்டது அந்த மெஷின்கிட்ட.