அறுவடை முடிந்த பிறகு வந்து பார்த்தார்களாம், பாதையில் தடையே இல்லையாம்!

இன்று காலை கவுன்சிலிலிருந்து, அதாவது இங்கிலாந்தில் எங்கள் பகுதி உள்ளாட்சியிலிருந்து, மின்னஞ்சல் வந்தது. வயல் வழியே போகும் பொது நடைபாதையைப் பயிர் அடைத்திருக்கிறது என்று ஜூன் மாதம் கொடுத்த புகாருக்கு அக்டோபரில் பதில். இரண்டே வரி. செப்டம்பரில் ஆள் வந்து பார்த்தாராம், பாதையில் தடை எதுவும் காணப்படவில்லையாம், ஆகவே புகார் முடித்து வைக்கப்படுகிறதாம். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. செப்டம்பரில் எப்படி ஐயா தடை இருக்கும்? தடையாக நின்றதே பயிர்தான். அதை ஜூலையிலேயே அறுத்துக்கொண்டு போய்விட்டார்களே!

எவ்வளவு சின்ன ஆசை தெரியுமா அது? இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் இரண்டு கிராமங்களுக்கு நடுவே மூன்றரை மைல். ஞாயிற்றுக்கிழமை, என் மாமனாரோடு நிதானமாக நடந்து போய், அந்த ஊர் பப்பில் மதியம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அவருக்கு 71 வயது. முந்தின நாள் ராத்திரியே ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து, விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "சர்ச்சுக்குப் பின்னாடி ஆரம்பிக்குதும்மா, மூணாவது வயல்ல குறுக்கே போகுது" என்று எனக்கும் காட்டினார். அந்தப் பச்சைக் கோடு என்றால் பொதுவழி. நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்க நமக்கு உரிமை உண்டு.

முதல் இரண்டு வயல் அருமை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஆள் மட்டும் நுழைய, ஆடு மாடு தாண்ட முடியாத கிஸ்ஸிங் கேட் லேசாகத் திறந்தது. மூன்றாவது வயலுக்கு வந்தோம். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி பளிச்சென்று இருக்கிறது. அது காட்டுகிற திசையில் பாதை இல்லை, சுவர் மாதிரி பயிர் நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஊரெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர், அது. பூ உதிர்ந்து காய் பிடித்து, மாமாவின் மார்பு உயரத்துக்கு நிற்கிறது. ஒரு செடியை விலக்கினால் பத்துச் செடி பின்னிக்கொண்டு கூடவே வருகிறது. ராத்திரி பெய்த மழை வேறு. பத்து அடி உள்ளே போவதற்குள் தொடை வரை நனைந்து, சட்டைக் காலருக்குள் காய் புகுந்து, மாமாவின் கண்ணாடியை ஒரு கிளை தட்டிவிட்டது. குனிந்து தேடினேன். கிடைத்தது. மறுபடி முயற்சி செய்தோம். மறுபடி பத்து அடி. நான் திரும்பிப் பார்க்கிறேன், மாமா வரைபடம் நனையாமல் இருக்க அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "பரவாயில்லைம்மா, ஓரமா சுத்திப் போயிடலாம்" என்கிறார். என்ன பரவாயில்லை?

ஓரமாகப் போனோம். ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் தொட்டால் எரிச்சல் எடுக்கும் நெட்டில் செடி இடுப்பு உயரத்துக்கு. அரை மணி நேரம் ஆயிற்று. கடைசி மூலையில் வேலியைத் தாண்டுவதற்கான மரப்படி இருந்தது. அந்தப் பலகையைச் சுற்றி முள்கம்பி! அதன் மேல் நீல நிற நைலான் கயிறு, ஐந்து முடிச்சு. எண்ணினேன். ஒருவர் அங்கே உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாகப் போட்ட முடிச்சு.

அப்போதுதான் பண்ணைக்காரர் குவாட் பைக்கில், அதான் அந்த நாலு சக்கர மோட்டார் வண்டியில், வந்தார். வண்டியை நிறுத்தி, குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "வழி தவறிவிட்டீர்களா?"

வழி தவறிவிட்டோமா! வரைபடம் கையில், அம்புக்குறி கம்பத்தில், பாதை அவர் பயிருக்கு அடியில், வழி தவறியது நாங்களா? "வழி இங்கேதான் இருக்கிறது, நீங்கள்தான் அதன் மேல் விதைத்திருக்கிறீர்கள்" என்றேன். "எல்லோரும் ரோடு வழியாகத்தான் போவார்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ரோட்டைப் பார்த்தீர்களானால் தெரியும். நடக்க ஓரப் பாதை கிடையாது, இரண்டு பக்கமும் உயரமான செடிவேலி, கார் 60 மைல் வேகத்தில் போகச் சட்டமே அனுமதிக்கிறது. ஒவ்வொரு கார் வரும்போதும் மாமா வேலிக்குள் முதுகைச் சாய்த்து நின்றார்.

1990-ஆம் வருடப் பொதுவழி உரிமைச் சட்டம் ரொம்பத் தெளிவாகச் சொல்கிறது. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுது விதைக்கலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரிசெய்து கொடுக்க வேண்டும், அதில் பயிர் வளரவும் விடக் கூடாது. ஒரு மீட்டர்தான்! இடமில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். அதே வயலில் மருந்தடிக்கும் டிராக்டரின் சக்கரம் போக இரண்டு இரண்டு கோடாக, நூல் பிடித்த மாதிரி வெற்றுத் தரை விட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு வழி உண்டு, மனிதன் காலுக்குக் கிடையாது. பக்கத்துப் பண்ணையில் அழகாகப் பாதை விட்டிருக்கிறார்கள், அவர்களும் விவசாயம்தானே செய்கிறார்கள்?

பாதையைக் காப்பது கவுன்சிலின் கடமை என்று 1980 நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. இதே காட்ஸ்வோல்ட்ஸில் சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் லோயர் ஸ்லாட்டர் கிராமத்திலிருந்து அப்பர் ஸ்லாட்டர் வரையிலான ஒரு மைலில் நான் ஒருநாளும் தடுக்கி நின்றதில்லை. ஊர்பேர் தெரியாத பாதை என்றால் மட்டும் செப்டம்பர் வரை பொறுத்திருந்து, கட்டாந்தரையைப் பார்த்துவிட்டுப் போவார்களா? சரி, பயிர் போய்விட்டது. அந்த முள்கம்பி எங்கே போனது? ஐந்து படம் அனுப்பியிருந்தேனே, ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா?

1932-இல் டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மலையில் நடக்கும் உரிமைக்காகத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் ஏறிப் போனார்கள், ஐந்து பேர் சிறைக்கும் போனார்கள். அப்புறம்தான் 1949-இல் சட்டம் வந்து பாதைகளெல்லாம் வரைபடத்தில் ஏறின. அப்படி வந்த கோட்டின் மேல் ஒருவர் விதைக்கிறார், இன்னொருவர் புகாரை மூடுகிறார்.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டிய நாங்கள் மூன்றே காலுக்குப் போனோம். சமையலறை மூடிவிட்டார்கள். மாமாவுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸும் எலுமிச்சை சோடாவும்தான் கிடைத்தது. அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

இன்னொன்று. நாயின் மலத்தைப் பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, ஹாதார்ன் மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அள்ளியது வரைக்கும் சரி. அதை யார் வந்து எடுப்பார்கள் என்று தொங்கவிடுகிறீர்கள்? அந்த மூன்றரை மைலில் ஒன்பது பை!