பாம்பன் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

போன வாரம் ஒரு டாக்ஸி பட்டறைக்கு வந்தது. ஆறு வருட வண்டி. பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது, பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுத்தேன். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். முனை உள்ளே இறங்கிவிட்டது. எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கிறது, புகை இல்லை, ஆயில் குறையவில்லை. கீழே மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, “இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தானா தம்பி?” என்று கேட்டார். “இல்லண்ணே, வண்டி நல்ல வண்டிதான். மதுரையில் ஓடியிருந்தால் இன்னும் பல வருடம் தகட்டில் கை வைக்கும் வேலையே வந்திருக்காது” என்றேன்.

அந்த வண்டிக்குத் தினமும் ராமேஸ்வரம் சவாரி. அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு லாட்ஜுக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். யாத்திரை வந்தவர்களை ஏறாதே என்று சொல்ல முடியுமா? அந்த உப்புத் தண்ணீர் சீட்டு வழியாகக் கார்பெட்டுக்கு இறங்குகிறது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். உப்பு ஈரத்தை விடாது, காற்றிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த சீட்டுக்கு அடியில்தான் ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்ட ஒயர்களை இணைக்கும் மஞ்சள் கப்ளர் இருக்கிறது. அதன் உலோக ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். “விளக்கு எரியுது, வண்டி ஓடத்தானே செய்யுது” என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். அந்த விளக்கு எரிகிற வண்டி எங்காவது மோதினால் ஏர்பேக் விரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

உச்சிப்புளிப் பக்கம் நான் பட்டறை போட்டு 26 வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில் பார்த்தாலும் டீக்கடையில் பார்த்தாலும் எல்லோரும் கேட்பது, “பழுதே வராத வண்டியா ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்றுதான். இந்தக் கரையில் அப்படி ஒரு வண்டி கிடையாது. இங்கே உள்ள ஆளே, கையில் உள்ள சாமானை வைத்து, பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய முடிகிற வண்டியைத்தான் நான் நம்பகமான வண்டி என்று சொல்வேன். பைக், மினி லாரி எல்லாவற்றுக்கும் என் அளவுகோல் அதுதான்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914ல் திறந்தது. 2022 டிசம்பரில்தான் அதில் ரயிலை நிறுத்தினார்கள். நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றிலேயே நின்ற இரும்பு. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாலத்தின் கர்டர்களையும் கடல் பிய்த்துக்கொண்டு போனது. 46 நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். அந்த இரும்பு துருப்பிடிக்காத இரும்பா? இல்லை. துருவைச் சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், அரித்துப்போன பாகத்தைக் கழற்றி வேறு மாட்டினார்கள். கை போக இடம் இருந்தது, கழற்ற வழி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் வேறு வழிக்குப் போயிருக்கிறார்கள். காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்புக் கர்டர்கள் மேலே பாலிசிலாக்ஸேன் என்ற துருத் தடுப்புப் பூச்சு. உப்பு உள்ளேயே வரக்கூடாது என்று யோசித்துக் கட்டியது.

ஒன்று உப்பை உள்ளே விடாமல் கட்ட வேண்டும், இல்லையென்றால் வந்த உப்பைச் சுரண்டி எடுக்கக் கை போகும்படி விட வேண்டும். கார் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டையும் பாதி பாதியாகச் செய்கின்றன. என் வருத்தமெல்லாம் இதில்தான். கதவு, பானெட் போன்ற வெளித்தகடு இப்போது துத்தநாகப் பூச்சோடு வருகிறது, நல்ல விஷயம். ஆனால் கீழே சஸ்பென்ஷனைத் தாங்கும் கிராஸ் மெம்பர் பல வண்டிகளில் வெறும் கறுப்புப் பெயின்ட்தான். ஒரு கல் பட்டு அந்தப் பெயின்ட் உரிந்தால் அங்கே ஆரம்பிக்கும். பிரேக் பைப்பைப் பிடித்து நிற்கும் கிளாம்புக்குள் உப்பு உட்கார்ந்தால் வெளியில் தெரியாது, பைப்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். எஞ்சினுக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்று போடுகிறார்கள். காற்று வழுக்கிப் போனால் மைலேஜ் கொஞ்சம் கூடும், சத்தம் குறையும், சரி. ஆனால் தனுஷ்கோடி மணலை அந்தக் கவர் தாம்பாளம் மாதிரி ஏந்தி வைத்துக்கொள்கிறது. 2017ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு எல்லாக் காரும் அங்கே போகிறது. ஆடி மாதம் அடிக்கிற காற்றில் ரோட்டின் மேலேயே மணல் ஓடும். அந்தக் கவரைக் கழற்றி நான் உப்பும் மணலுமாகக் கை நிறைய அள்ளியிருக்கிறேன். கழற்றுவதற்குள் பாதி கிளிப் உடைந்துவிடும்.

ரோடு வருவதற்கு முன் மணலிலும் அலையிலும் ஆள் ஏற்றி ஓடிய பழைய வேன்காரர்களுக்கு இது தெரியும். அடியில் கழிவு ஆயிலைப் பிரஷ்ஷால் பூசி ஓட்டினார்கள். துரு கொஞ்சம் தள்ளிப்போகும், உண்மைதான். ஆனாலும் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப்போகும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

பாவப்பட்டது மீன் வண்டி. குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன சரக்கு வண்டியில் ஐஸ் பெட்டி வைத்து நண்டு, கணவாய், இறால் ஏற்றுவார்கள். ஐஸ் உருகி வரும் தண்ணீர் சும்மா தண்ணீர் இல்லை, மீனோடு வந்த கடல் உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பெட்டியின் ஓட்டை நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸ் மேல் திறந்திருக்கும். ராத்திரி முழுக்கச் சொட்டும். சேஸ், ஸ்பிரிங் பட்டை, பின் பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் ஒரே வரிசையில் போகும். நாலு வருடத்தில் சேஸுக்கு பேட்ச் வெல்டிங் அடித்த வண்டிகள் என் பட்டறையில் எத்தனையோ. ஓட்டையில் ஒரு ஹோஸை மாட்டி, பின்பக்கம் சேஸைத் தாண்டித் தொங்கவிட்டால் போதும். நான் போட்டுக் கொடுத்த வண்டிகளும் போடாத வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. மீன் ஏற்றத்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள் என்று செய்கிறவர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, கடற்கரைக்கு என்று சேஸுக்குக் கூடுதலாக ஒரு பூச்சு ஏன் கொடுக்கக்கூடாது?

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கம் போர் தண்ணீரே உப்பு. காவிரித் தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிப் பிடித்து வருகிறோம், அதில் யார் கார் கழுவுவார்கள்? அதனால் உப்பைப் போக்குவதாக நினைத்து உப்புத் தண்ணீரிலேயே கழுவுகிறோம். கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாக ஒரே ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் எடுத்து வண்டியின் அடியிலும் சக்கர வளைவுக்குள்ளும் ஊற்றுங்கள். பளபளப்பு மேலே தெரியும், ஆயுள் கீழேதான் இருக்கிறது. ரேடியேட்டரில் மட்டும் போர் தண்ணீரை எந்த அவசரத்திலும் ஊற்றாதீர்கள். உள்ளே சுண்ணாம்பு படிந்து, வாட்டர் பம்ப் இலை அரித்து, ஒருநாள் நடு ரோட்டில் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் வாங்க ஆகும் காசு, ஹெட் இறக்குகிற கூலியில் ஒரு மூலைக்குக் கூட வராது.

பழைய வண்டிதான் உசத்தி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அம்பாசிடரும் மாருதி 800ம் பிரித்துத்தான் நான் தொழில் கற்றேன். இரண்டின் உற்பத்தியும் 2014ல் நின்றது. கையால் தொட்டாலே வேலை பிடிபடும் வண்டிகள். ஆனால் அவற்றில் பாயிண்ட் செட்டிங், கார்புரேட்டர் சுத்தம் என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். நான் கற்றுக்கொண்ட வண்டிகளில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. மோதிய பழைய வண்டியிலிருந்து ஆளை எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மகள் எந்த வண்டியில் போக வேண்டும் என்று கேட்டால் புது வண்டியில்தான் ஏறச் சொல்வேன். இன்றைய எஞ்சின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் சாதாரணமாகப் போகிறது. இத்தனை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள், ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வைக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். இப்போது எல்.இ.டி. வந்த பிறகு பல வண்டிகளில் பல்பே கிடையாது, போனால் லைட் செட்டையே மாற்ற வேண்டும்.

ஸ்டெப்னி விஷயமும் அப்படித்தான். சில புது வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லை, பசை பாட்டிலும் குட்டி ஏர் பம்பும் தருகிறார்கள். நம் ரோட்டோரம் முழுக்க சீமைக்கருவேலம். முள் டயரின் நடுவில் ஏறினால் பசை அடைக்கும். பக்கச் சுவரில் கிழித்தால் எந்தப் பசையும் நிற்காது. சாயல்குடிப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத்தான் ஸ்டெப்னியின் அருமை தெரியும்.

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவருடைய காரைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வருட வண்டி. ஓடும்போதே ஸ்டியரிங் விளக்கு எரிந்து ஸ்டியரிங் இறுகும், ஹாரன் கம்மும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரில் மெயின் ஒயரிங் செட் மாற்ற வேண்டும் என்று 62,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். “தம்பி, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, அப்பறம் குடுக்கிறேன்” என்று கொண்டுவந்தார். பேட்டரி டிரேயைக் கழற்றினால் அதற்குக் கீழே பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. எமரித் தாளால் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கி, மேலே வாஸலின் பூசினேன். முக்கால் மணி நேர வேலை. இரண்டு வருடமாக அந்த விளக்கு எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் தொழில் கற்றுப் போனவர்கள். ஸ்கேனர் காட்டுவதை எழுது, பாகத்தை மாற்று, அடுத்த வண்டியை எடு என்று நிமிடக் கணக்கில் அவர்களை ஓட்டுகிறார்கள். அடியில் படுத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை.

ஸ்கேனர் என்னிடமும் இருக்கிறது, சம்பாதித்த காசில் வாங்கியது. கோளாறு எண்ணைப் படிக்கும். ஆனால் டீசல் வண்டியில் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேலே இருக்கும் எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவில் பதிய வேண்டும். சில வண்டிகளில் அந்தக் கதவை கம்பெனி சாப்ட்வேர் மட்டும்தான் திறக்கும். நல்ல இன்ஜெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டத் தெரிந்தும், மீன் ஏற்ற வேண்டிய பிக்கப்பை மதுரைக்குக் கட்டி இழுத்துப் போகச் சொன்னேன். 110 கிலோமீட்டருக்கு மேல். இழுவைக்கூலி போனது, மூன்று நாள் ஓட்டமும் போனது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது என் ஒருவனுடைய புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022ல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு இணையதளத்தையே திறந்தது, அதில் வாகனமும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் பட்டறை வாசலில் அந்த இன்ஜெக்டர் எண் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. இலவசமாகத் தரச் சொல்லவில்லை. நியாயமான விலை வைத்து விற்கட்டும், வாங்கிக்கொள்கிறோம்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச் என்று கேட்பதற்கு முன், பேட்டரி எர்த் எங்கே இருக்கிறது, ஸ்டெப்னி உண்டா, ஹெட்லைட் தனியாக என்ன விலை, அடிப்பாகத்துக்குத் துரு வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசல் எடுக்காதீர்கள். 2020க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகை வடிகட்டி இருக்கிறது, நீண்ட ஓட்டம் இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே வண்டி இருக்கிறவர்கள், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்கிற பின்னைக் கழற்றி கிரீஸ் வைக்கும் வேலையைப் பேட் தேயும்வரை தள்ளிப் போடாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறை செய்துவிடுங்கள். அந்த டாக்ஸியின் கீச் சத்தத்துக்குக் காரணமும் இறுகிப்போன அந்தப் பின்தான்.

ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிய இரண்டு மூன்று ஓட்டை இருக்கும். அது மணலில் அடைத்தால் கதவுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஒரு தென்னை ஈர்க்கு போதும், குத்தி எடுத்துவிடலாம். வீட்டில் செய்யத் தெரியாதவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் உச்சிப்புளிப் பக்கம் வரும்போது பட்டறையில் நிறுத்துங்கள். பத்து நிமிடம் ஆகும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.