ஹெச்.பி.வி. ஊசியில் டர்பனை ஜோசினி ஜெயித்துவிட்டது

தென்னாப்பிரிக்காவில், ஜோசினி பக்கத்துக் குக்கிராமத்தில் ஒரு நர்ஸ் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்குச் செய்வதை, டர்பனில் கை நிறைய ஃபீஸ் வாங்கும் டாக்டர் நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதில்லை. ஹெச்.பி.வி. ஊசியைச் சொல்கிறேன், உடலுறவில் தொற்றி, பிற்பாடு கர்ப்பப்பை வாயில் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. கோபம் வந்தால் வரட்டும். நான் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். அதற்கு முன் இதே குவாசுலு நட்டால் மாகாணத்தின் வடக்கே ஒரு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே இந்த ஊசியில் பின்தங்குவது கிராமத்துப் பிள்ளைகள். குழந்தை மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார், குடும்ப டாக்டரும் அழுத்திச் சொல்ல மாட்டார். இங்கே 2014-இல் அரசாங்கம் ஊசியை டாக்டர் அறையிலிருந்து எடுத்து வகுப்பறைக்குக் கொண்டுபோனது. அரசுப் பள்ளியில் கிரேட் 4 படித்த, ஒன்பது வயது நிரம்பிய பெண்பிள்ளைகளுக்கு இலவசம் என்று தொடங்கினார்கள். தனியார் பள்ளிகளை அன்றைக்குச் சேர்க்கவில்லை. காசுள்ளவர்கள் தாங்களே டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்கள். டாக்டர் வாயைத் திறக்க வேண்டுமே, அது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூட டீமோடு நானும் போனேன். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிட்டால் செத்தது. அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, வியர்க்க விட்டு, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் கூலர் பெட்டியில் அடுக்க விட்டார் அந்த சிஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர், கண்டிப்பானவர். பள்ளியில் ஒரு டெஸ்க்கின் மேல் துணியை விரித்தார். சம்மதப் படிவங்கள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக இருந்தன. பல படிவங்களில் கையெழுத்து பாட்டியுடையது, அம்மா ஜோஹன்னஸ்பர்க்கில் வேலையில் இருப்பார். பிள்ளைகளிடம் சிஸ்டர் ஸூலுவில் சொன்னது இரண்டே வரி: "பெரியவளானதும் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் இருக்க இந்த ஊசி. இடது கையைக் காட்டு." பிறகு பதினைந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார வைத்தார். மயக்கம் வரவில்லை என்றால் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? இந்த நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் முதல் இரண்டில் இது ஒன்று. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு ஆபத்து ஆறு மடங்கு, அந்த மாவட்டங்களில் ஹெச்.ஐ.வி. தொடாத குடும்பம் அபூர்வம். முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் முற்றிப்போன பிறகு ரத்தப்போக்கோடு வந்து நிற்பதை அவர் வார்டில் பார்த்திருக்கிறார். கதிர்வீச்சு சிகிச்சை வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து டர்பன் வர வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர் "யோசிச்சுச் சொல்லுங்க" என்று இழுக்க மாட்டார்.

இப்போது நகரத்துக்கு வருவோம். என் கடை ஃப்ரிட்ஜில் ஊசி இருக்கிறது, கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு. ஊரிலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா, மகள் தனியார் பள்ளியில். டாக்டர் இந்த ஊசியைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவசரமில்லன்னார்க்கா. நல்ல குடும்பத்துப் பொண்ணு, பதினாறு வயசுல பேசிக்கலாம்னார். இவளுக்கு இன்னும் சடங்குகூட ஆகலையே." சடங்குக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. வைரஸை உடம்பு பார்க்கும் முன்பே போட வேண்டிய ஊசி இது. 9 முதல் 14 வயதுக்குள் எதிர்ப்பு சக்தி நன்றாகக் கிளம்புகிறது. பெண் நல்ல குடும்பமாகவே இருக்கட்டும், வரப்போகிற மாப்பிள்ளையின் ஜாதகத்தில் ஹெச்.பி.வி. எழுதியிருக்குமா?

நம் டாக்டர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பேச்சு உடலுறவுப் பக்கம் திரும்பிவிடுமோ என்று கூச்சம். அம்மா முகம் சுளித்து வேறு டாக்டரைப் பார்த்துப் போய்விடுவாரோ என்று பயமும் உண்டு, அரசுச் சம்பளம் வாங்கும் நர்ஸுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் டெட்டனஸை "இன்னைக்குப் போட்டுடலாம்" என்கிற அதே வாய், ஹெச்.பி.வி. வந்ததும் "உங்க விருப்பம்" என்று தழைகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். "இன்றைக்கு இந்த ஊசிகள்" என்று சாதாரணமாக அறிவிக்கப் பழகிய கிளினிக்குகளில் ஊசி போட்ட பிள்ளைகள் கூடினார்கள். நீளமாகப் பேசிப் புரியவைக்கப் பழகிய கிளினிக்குகளில் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. எங்கள் சிஸ்டர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்தது முதலாவதைத்தான்.

கிராமத்தில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைக்கு ஊசி போச்சு. மழையில் ரோடு அறுந்தால் டீமே போகாது. இரண்டு டோஸ் போட்ட காலத்தில், ஆறு மாதம் கழித்து இரண்டாவது டோஸுக்குப் போனால் பிள்ளை வேறு ஊருக்கு மாறியிருக்கும். ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்ட இடங்களுக்குப் பெரிய நிம்மதி. ஹெச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு மட்டும் ஒன்று போதாது, குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. அதைக் கவனிக்க வகுப்பறை வரிசையில் நேரம் கிடைப்பதில்லை. கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதிலும் கிடைப்பதில்லை. நேரமும் அறையும் நகரத்து டாக்டரிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுதாக ஊசி போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

வீட்டில் ஒன்பது வயது ஆன பெண் இருந்தால் டாக்டர் பேச்செடுப்பார் என்று காத்திருக்காதீர்கள். "போடலாமா?" வேண்டாம், "எப்போ போடுறீங்க?" என்று கேளுங்கள். பதினைந்தைத் தாண்டியவளுக்கும் போடலாம், டோஸ் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் எய்டுக்கு, அதாவது உங்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு, ஒரு போன் போடுங்கள், பிளானைப் பொறுத்து அவர்களே கட்டுவதும் உண்டு. பையன்களுக்கும் போடலாம், ஆனால் பள்ளியில் தொடங்கிய அரசுத் திட்டம் பெண்பிள்ளைகளுக்கானது. ஊசி போட்டவளுக்கும் பிற்பாடு பாப் ஸ்மியர் உண்டு, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கிற சோதனை அது. அரசு கிளினிக்கில் முப்பது வயதிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று முறை இலவசம், ஹெச்.ஐ.வி. இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கே அம்மாவும் தன்னுடையதைக் கேட்டுவிட்டு வரலாம்.