தும்மினால் உட்கார வைக்கிறவர்களுக்கு

வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது தும்மிவிட்டால் போதும், பழைய வண்ணாரப்பேட்டையில் பாதி வீடுகளில் பயணம் தள்ளிப்போகும். "ஒக்காரு, ஒரு வாய் தண்ணி குட்சிட்டு அப்பால போ" என்பாள் ஆயா. அதிலும் ஒத்தைத் தும்மல் ஆகவே ஆகாது. ரெட்டைத் தும்மல் என்றால் பரவாயில்லை, போன காரியம் முடியுமாம். இந்தச் சகுனக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை. தும்மினவரை வாழ்த்துகிற பழக்கத்தோடு இல்லை, அது வேறு சங்கதி.

கிளம்புகிற நேரமாகப் பார்த்து ஏன் தும்மல் வருகிறது? நம் வீடுகளைப் பாருங்கள். சந்துக்குள் சந்து, இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பகலிலேயே டியூப்லைட் எரிய வேண்டும். அந்த இருட்டிலிருந்து வாசலுக்கு வந்ததும் பத்து மணி வெயில் முகத்தில் அறைகிறது. திடீர் வெளிச்சம் பட்டால் தும்மல் வருகிற உடம்பு சுமார் நாலில் ஒருவருக்கு உண்டு. இது பரம்பரையாக வருவது. அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு இருக்கிறது. பழைய கிரேக்கர்களே 'வெயிலைப் பார்த்தால் ஏன் தும்மல்' என்று மண்டையைக் குடைந்துகொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தார், தும்மல் வரவில்லை. ஆக, விஷயம் மூக்கில் இல்லை, கண்ணில்.

இது போதாது என்று, கிளம்புகிற நேரத்தில்தான் பவுடர் டப்பாவைத் தட்டுவோம், சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவோம், உள்ளே மதியச் சாப்பாட்டுக்குக் காய்ந்த மிளகாய் தாளிப்பு நடக்கும். எண்ணெயில் மிளகாய் கருகும் அந்த நெடிக்கு எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து தும்முவார். சகுனம் பலிக்கிற மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். வாசல்படியில் தும்மல் நிறைய வரும், அதில் ஒன்றிரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்போம், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

ஒற்றை, இரட்டை விஷயமும் அப்படியே. மூக்கின் உள்தோலில் தூசியோ காரமோ பட்டால் முகத்தின் உணர்வு நரம்பு மூளையின் அடியில் இருக்கிற முகுளத்துக்குச் சேதி சொல்கிறது. நெஞ்சு நிறையக் காற்று இழுத்து, தொண்டை அடைபட்டு, அழுத்தம் ஏறி, ஒரே வெடிப்பாக வெளியே வருகிறது. முதல் தடவையில் போகாதது இரண்டாவது தடவையில் போகும், அவ்வளவுதான். தும்மும்போது இதயம் நின்றுவிடும் என்பதெல்லாம் சும்மா.

சகுனத்துக்குப் பயந்தோ கூச்சப்பட்டோ மூக்கையும் வாயையும் பொத்தித் தும்மலை அடக்குகிறார்களே, அது மட்டும் வேண்டாம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் 34 வயது ஆள் ஒருவர் அப்படி அடக்கித் தொண்டையே கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், குழாய் வழியாகத்தான் சாப்பாடு. 2018இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. வள்ளுவர் காட்டுகிற கணவனும் தும்மலை அடக்கி மாட்டிக்கொள்கிறான். 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே 'யார் நினைத்ததால் தும்மினீர்' என்று அழுகிறாள். சரி, வம்பு வேண்டாம் என்று அடுத்த குறளில் அடக்குகிறான். 'உங்களை நினைக்கிறவர்களை என்னிடம் மறைக்கிறீரா' என்று அதற்கும் அழுகிறாள். பாவம் மனுஷன், எந்தப் பக்கம் போவான்?

தும்மினால் வாழ்த்துவது வள்ளுவர் காலத்திலேயே இருந்திருக்கிறது பாருங்கள். நம் பகுதியில் அது இன்னும் அழகு. எங்கள் வீட்டில் குழந்தை தும்மினால் "நூறு" என்போம், மறுபடி தும்மினால் "எரநூறு". தெலுங்கு பேசும் வீட்டில் "சிரஞ்சீவ". மண்ணடியில் தும்மினவரே "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்பார். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் "பிளெஸ் யூ". இதில் எதையும் விட வேண்டியதில்லை. ஆயா கொடுக்கிற தண்ணீரையும் குடிக்கலாம், வறண்ட தொண்டைக்கு நல்லதுதான்.

எனக்கு வயிறு எரிகிற இடம் வேறு. வடசென்னையில் ஒருத்தர் தும்மினால் அவர் நேரத்தைப் பார்க்கிறோம், காற்றைப் பார்ப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கின காலத்தில் ராயபுரத்து மாடிகளில் காய்ந்த வெள்ளை வேட்டியைத் தட்டினால் கரி பறக்கும். உயர் நீதிமன்றம் சொல்லி 2011இல் அது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது, அங்கே இருப்பவர்களுக்கு மூக்கு இல்லையா என்ன? 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணும் மூக்கும் எரிய, மூச்சுத் திணற, குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அன்றைக்கு எச்சரிக்கை மணியாக இருந்தது அவரவர் மூக்குதான்.

ராயபுரம், கொடுங்கையூர், மணலியில் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன, சமீர் என்ற செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் கசிவு முதலில் தெரிவது அங்கே இல்லை, நம் தெருவில். அதனால் நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் தும்மலும் கண் எரிச்சலும் வந்தால், மணி என்ன, என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று போனில் குறித்துவையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.