கர்சன் வீட்டு மயில் கவுன்

இங்கிலாந்தில் டெர்பி நகரத்துக்குப் பக்கத்தில் கெடில்ஸ்டன் ஹால் என்றொரு மாளிகை. பள்ளிக்கூடத்தில் ‘1905 வங்கப் பிரிவினை’ என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கர்சன் பிரபு பிறந்த வீடு. இப்போது பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

உள்ளே போனால் மார்பிள் ஹால். அலபாஸ்டர் கல்லில் 20 தூண்கள். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் கைவண்ணம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு படம் எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. சரக்கெல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கிறது.

கர்சன் வைஸ்ராயாக இருந்தபோது வாங்கிச் சேர்த்ததும் பரிசாக வந்ததும் அங்கே நிறைந்து கிடக்கின்றன. (ஒரு சமஸ்தான மன்னர் வைஸ்ராய்க்குக் கொடுப்பது எந்த அளவுக்குப் பரிசு என்பது தனிக்கதை.) இந்த வீட்டில் இருக்கும் இன்னொரு பொருள், 1903 டெல்லி தர்பாரில் அவர் மனைவி மேரி அணிந்த மயில் கவுன். துணி முழுக்க ஜரிகையில் தோகை மேல் தோகையாக டெல்லிக் கைவினைஞர்கள் இழைத்தது. கவுனாகத் தைத்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். எடை ஏறத்தாழ 4.5 கிலோ. தோகைக் கண்களில் பச்சையாக மின்னுவதைப் பார்த்தால் மரகதம் என்றுதான் தோன்றும். கிட்டப் போய்ப் பாருங்கள், வண்டுச் சிறகு! சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் அடைத்து வளர்த்தோமே பொன்வண்டு, அந்த வகை. அந்தத் தர்பாருக்குச் சில வருடம் முன்னால்தான் 1899–1900 பஞ்சம்.

2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் வசமுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது பெரிய கூச்சல் எழுந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் எதற்கு அரசியல் என்றார்கள். இந்த வீட்டில் அரசியலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தூணும் நாற்காலியும்தான். அதற்கு எதற்கு டிக்கெட்? சுற்றியிருக்கும் பச்சைப் புல்வெளிகூடச் சும்மா வந்ததில்லை. மாளிகைக்காக 1759 வாக்கில் கெடில்ஸ்டன் கிராமத்தையே வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டார்கள். பழைய ஊரில் தேவாலயம் மட்டும் தப்பியது.

அப்புறம், கல்கத்தாவில் 1803இல் கட்டி முடித்த கவர்னர் ஜெனரல் மாளிகைக்கு மாதிரியே இந்த வீடுதான். கர்சன் 1899இல் வைஸ்ராயாகப் போய் இறங்கியது அங்கே. கடல் கடந்து ஆளப் போன இடத்திலும் சொந்த வீட்டு நகல், அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணத்தில் கட்டியது. கொடுத்து வைத்த மனுஷன்!